ஸ்டோருக்குள் விரிந்த குடை

உலகத்தில் விஞ்ஞானிகள் இரண்டே வகை. மழை பெய்தால் குடை பிடிக்கிறவர்கள் ஒரு வகை. மழையில் தொப்பலாக நனைந்துகொண்டு வந்து, கட்டடத்துக்குள் நுழைந்ததும் குடையை விரிக்கிறவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகையில் இதுவரை பிறந்தவர் ஒரே ஒருவர்தான் என்று நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். அவர் இலங்கை மலையகத்தில், வட்டகொடைப் பக்கத்தில் ஒரு தேயிலை ஸ்டோரின் வயர்மேன். தாய் தகப்பன் வைத்த பெயர் செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. மற்றபடி தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் குழந்தையிலிருந்து தோட்டத்தை நடத்தும் பெரிய தொரை வரைக்கும் எல்லாருக்கும் அவர் 'குடை வயர்மேன்'தான்.

ஸ்டோர் என்றால் எங்கள் பக்கத்தில் தேயிலைத் தொழிற்சாலை. மலையில் பறித்த கொழுந்து அங்கே வந்துதான் வாடி, அரைபட்டு, காய்ந்து, சலிக்கப்பட்டுத் தேயிலை ஆகிறது. நான் அந்த ஸ்டோர் ஆபீசில் கிளாக்கராக ஏழு வருஷம் இருந்தேன். வேலை பெரிதாக ஒன்றும் இல்லை. வந்த கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டும். வராத கடிதத்துக்கு நினைவூட்டல் எழுத வேண்டும். இரண்டையும் நான் முடிந்தவரை தள்ளிப்போட்டேன்.

குடைக்குக் காரணம் ஒரு மெஷின். தேயிலையோடு கலந்து வரும் வெளிறிய குச்சிகளை முன்பெல்லாம் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கையால் பொறுக்குவார்கள். இப்போது அதற்கு ஒரு மெஷின் வந்துவிட்டது. மேலிருந்து தேயிலை அருவி போல விழும். பக்கத்தில் பளீரென்று ஒரு வெளிச்சம். ஒரு கண்ணாடிக்குப் பின்னால் கமராக் கண்கள். கறுப்பாக விழுவது தேயிலை, விட்டுவிடு. வெளிறி விழுவது குச்சி, காற்றால் ஊதித் தள்ளு. இவ்வளவையும் கண் இமைக்கும் நேரத்தில் செய்துவிடும். மெஷின் வந்த முதல் நாள் எல்லாரும் பார்த்து, 'அடேயப்பா' என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டோம். வயர்மேன் மட்டும் போகவில்லை. அன்று மத்தியானச் சாப்பாட்டையும் அதன் முன்னால் நின்றே சாப்பிட்டார்.

மறுநாள் குடையோடு வந்தார். நல்ல பெரிய கறுப்புக் குடை. ஜன்னல் வெளிச்சம் கமராக் கண்ணில் பட்டால் அது தடுமாறும் என்பது அவர் கணிப்பு. அதனால் மெஷினுக்கு மேலே குடையைப் பிடித்துக்கொண்டு, அடியில் குந்தி, நோட்டம் பார்ப்பார். குடை நனைந்தால் துளி மெஷினில் விழும் அல்லவா? ஆகவே லயத்திலிருந்து ஸ்டோர் வரைக்கும் குடையைப் பொலித்தீன் உறையில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மழையில் நனைந்தே வருவார்.

ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஒரு நாள் எல்லார் முன்னாலும் குத்திக்காட்டினார்.

"என்னா வயர்மேன், அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்த ராத்திரியில குடை பிடிப்பான்னு சொல்லுவாங்க. நீ பட்டப்பகல்ல கூரைக்குக் கீழயே பிடிக்கிற?"

வயர்மேன் அந்தப் பழமொழியை நிதானமாக யோசித்துப் பார்த்தார்.

"ராத்திரியில எதுக்குங்கய்யா குடை? அப்பதான் வெளிச்சமே இல்லியே."

டீமேக்கர் ஐயா அதற்கப்புறம் அவரிடம் பழமொழி பேசுவதை விட்டுவிட்டார்.

இதோடு நின்றிருந்தால் அவர் ஒரு தோட்டத்து வேடிக்கை மனிதராகவே இருந்திருப்பார். கைப்பேசி கெடுத்தது. எங்கள் தோட்டத்தில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் லயத்துக்கு மேலே உள்ள தண்ணீர்த் தொட்டி. அங்கே போய் நின்று, இங்கிலீஷைக் கைப்பேசியே தமிழாக்கித் தர, மெஷினின் கண்ணைப் பற்றித் தேடித் தேடி, கடைசியில் ஒரு புதையலைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூச்சிரைக்க என் குவார்ட்டர்ஸுக்கே ஓடி வந்தார். தனியாக இருக்கும்போது நான் அவருக்குத் தம்பி. டீமேக்கர் பக்கத்தில் இருந்தால் ஐயா.

"தம்பி, எலக்ட்ரானிக்குக்கும் வெளிச்சத்துக்கும்னே உலகம் பூரா சேந்து ஒரு ஆணைக்குழு இருக்கு. ஒங்களுக்குத் தெரியுமா?"

"என்ன செய்யுறாங்களாம்?"

"வெளிச்சத்தைப் பத்திப் பேசுறாங்க. சில வருசத்துக்கு ஒருக்கா எல்லா நாட்டுக்காரங்களும் ஒரு எடத்துல கூடுறாங்க. நடுவுல சின்னச் சின்னக் கூட்டம் வேற. ஆரு என்னா கண்டுபுடிச்சாங்கன்னு அறிக்கை எழுதுறாங்க. அதை மத்தவங்க படிச்சுப் பாத்து, சரியா தப்பான்னு சொல்லுறாங்க. தலைவர், செயலாளர் எல்லாம் இருக்காங்க. ஒருத்தருக்கும் சம்பளம் கெடையாது!"

கடைசி வரியைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. சம்பளத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகக் கொடி பிடித்த மலையகத்தில், சம்பளமே இல்லாமல் கூடிப் பேசுகிற ஒரு கூட்டம் இருக்கிறது என்ற செய்தி அவரை என்னவோ செய்துவிட்டது. இளம் விஞ்ஞானிகளுக்கு அந்த ஆணைக்குழு பரிசு கொடுக்கிறது என்றும், அதற்கு வயது வரம்பு இருக்கிறது என்றும் வாசித்தபோதுதான் அவருக்குக் கொஞ்சம் மனவருத்தம். ஐம்பதைத் தாண்டியவர்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு மனு எழுதலாமா என்று கேட்டார்.

"இதுல நமக்கென்னண்ணே?" என்றேன்.

"நமக்கென்னவா? நம்ம மெஷின்ல என்னா இருக்கு? வெளிச்சம் இருக்கு. அதைப் பாக்குற கண்ணு இருக்கு. பாத்ததை யோசிக்கிற போர்டு இருக்கு. அப்ப இந்த ஸ்டோரு அவங்க இலாகாவுக்குள்ளதானே வருது? நாம அறிக்கை அனுப்பாம இருக்கிறது மரியாதை இல்ல தம்பி."

செய்தி லயத்தில் பரவியது. எங்கள் நாட்டில் ஆணைக்குழு என்றால் மக்களுக்கு நன்றாகப் பழக்கம். ஏதாவது பெரிய அநியாயம் நடந்தால் ஒன்று அமைப்பார்கள். அதோடு அநியாயமும் மறந்துபோகும், ஆணைக்குழுவும் மறந்துபோகும். "இவங்க எதை விசாரிக்க வர்றாங்க?" என்று ஒரு பெரியவர் என்னிடம் ரகசியமாகக் கேட்டார். வெளிச்சத்தை விசாரிக்கிறார்கள் என்றேன். "அதாச்சும் வெளங்குனா சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஸ்டோரில் இருந்த ஒரே கம்ப்யூட்டரும், கடிதம் மட்டுமே போய்வரும் டெலிபோன் லைன் இணையமும் என் மேசையில் இருந்தன. ஆகவே யாரும் கேட்காமலே நான் அந்தச் சர்வதேச ஆணைக்குழுவின் வட்டகொடைச் செயலாளர் ஆகிவிட்டேன். மாதம் தவறாமல் ஓர் அறிக்கை வரும். சீஆர் கொப்பி என்கிற தடித்த நோட்டுப் புத்தகத்தில் பத்துப் பக்கம். மின்னழுத்தம், வெளிச்சம், ஈரம், பனிமூட்டம் எல்லாம் மணிக்கணக்கில் பதிந்திருக்கும். பனிமூட்டத்துக்கு அவரே மூன்று அளவு வைத்திருந்தார்: கோயில் கோபுரம் தெரிகிறது, கோபுரம் தெரியவில்லை, கோயிலே தெரியவில்லை. நான் அந்தப் பத்துப் பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு, 'மெஷின் ஓடுகிறது, பனி அதிகம், நன்றி' என்று இங்கிலீஷில் நாலு வரி எழுதி, ஆணைக்குழுத் தலைவரின் மின்னஞ்சல் விலாசத்துக்கு அனுப்பிவிடுவேன். இதை இப்போது எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அப்போது இல்லை.

முதல் கடிதத்துக்கு இரண்டே நிமிஷத்தில் பதில் வந்தது. 'உங்கள் கடிதத்துக்கு நன்றி. நான் இப்போது விடுமுறையில் இருக்கிறேன். திரும்பியதும் பதில் எழுதுகிறேன்.' லீவில் போகிறவர்கள் கம்ப்யூட்டரிடம் சொல்லிவைத்துவிட்டுப் போகும் தானாக வருகிற பதில்தான் அது. வயர்மேன் அதை அச்செடுக்கச் சொல்லி, இரண்டு கையாலும் வாங்கி, படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"லீவுல இருக்காராம்! லீவுல இருந்துகிட்டும் ரெண்டு நிமிசத்துல பதில் போட்டிருக்காரு பாத்தீங்களா? நம்ம தொரை டியூட்டில இருக்கும்போதே பதில் போட மாட்டாரே!"

விஷயத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். அந்தக் காகிதம் பக்கத்து டவுன் தலவாக்கலையில் லேமினேட் செய்யப்பட்டு, மோட்டர் ரூமில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டது.

அந்தத் தலைவர் என்ன வேலையில் இருந்தாரோ, மறுமாதமும் லீவு. அதற்கு அடுத்த மாதமும் அதே பதில். ஏழாவது மாதம் வயர்மேன் கவலைப்பட ஆரம்பித்துவிட்டார்.

"இவ்வளவு நாள் லீவுன்னா மெடிக்கல் லீவாத்தான் இருக்கும் தம்பி. பாவம், மனுசனுக்கு என்னா வருத்தமோ."

தோட்டத்துக் கோயிலில் தலைவர் பெயருக்கு அர்ச்சனை நடந்தது. அந்த வெள்ளைக்காரப் பெயர் பூசகர் வாயில் நுழையப் பட்ட பாட்டை முருகன் மட்டுமே மன்னிப்பார். பூசகர் நட்சத்திரம் கேட்டார். "அதெல்லாம் அவரு பதில்ல போடல சாமி. ஒடம்பு நல்லாகணும்னு மட்டும் சொல்லுங்க" என்றார் வயர்மேன்.

அர்ச்சனை என்றதும் இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். விஞ்ஞானம் எவ்வளவு முற்றினாலும் வெள்ளிக்கிழமையை அவர் விட்டதில்லை. காலையில் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, சாம்பிராணிச் சட்டியோடு ஸ்டோரைச் சுற்றி வருவார். மோட்டருக்கு ஒரு புகை, காற்றாடிக்கு ஒரு புகை. கடைசியாகக் குச்சி பிரிக்கும் மெஷின். அதன் சின்னக் கதவைத் திறந்து, கண்ணாடி இருக்கும் இடம் வரைக்கும் நிறையப் புகை காட்டுவார். "இவ்வளவு நல்லாப் பாக்குற மெஷினுக்குக் கண்ணு பட்டுறக் கூடாது" என்பார். பெற்ற பிள்ளைக்குச் சுற்றிப் போடுவதைப் போல அத்தனை கரிசனம்.

இப்படி ஆணைக்குழுவோடு அந்நியோன்னியமாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் வில்லங்கம் வந்தது. மெஷின் நல்ல தேயிலையையும் குச்சியென்று ஊதித் தள்ள ஆரம்பித்தது. தினமும் இல்லை. திங்களிலிருந்து வியாழன் வரைக்கும் தங்கமாக ஓடும். வெள்ளியும் சனியும் புத்தி பேதலித்துவிடும். கழிவு மூட்டையைப் பிரித்தால் பாதி நல்ல தேயிலை.

மெஷினைப் பார்த்துக்கொண்டவர் பாக்கியம் அக்கா. இருபது வருஷம் மலையில் கொழுந்து பறித்து, இரண்டு முழங்காலும் போன பிறகு ஸ்டோருக்கு வந்தவர். டீமேக்கர் ஐயா வெள்ளிக்கிழமை என்றதும் முடிவு கட்டிவிட்டார். விடிய எழும்பிக் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, அக்கா மெஷின் பக்கத்தில் தூங்குகிறாராம். அப்படியே ஃபைலில் எழுதச் சொன்னார். எழுதியது நான்தான். மாதம் முடிவதற்குள் மெஷின் சரியாகாவிட்டால் பாக்கியம் திரும்ப மலைக்குப் போக வேண்டும் என்று தொரையும் கையெழுத்துப் போட்டுவிட்டார். எங்கள் மலை எப்படிப்பட்ட ஏற்றம் என்று தெரிந்தவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். அந்தக் காலோடு அவர் ஏறவே முடியாது. ஏற முடியாதவருக்குத் தோட்டத்தில் வேலையும் இல்லை.

பாக்கியம் அக்கா மோட்டர் ரூம் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, சாமி சத்தியமா நான் கண்ணை மூடவே இல்லண்ணே."

"எனக்குத் தெரியும் தங்கச்சி. நீ தூங்கல, மெஷினும் தூங்கல. வேற என்னமோ இருக்கு. நான் கண்டுபுடிக்கிறேன்."

மூன்று வாரம் அந்த மனிதர் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதல் வாரம் மின்னழுத்தத்தைச் சந்தேகப்பட்டார். மீட்டரோடு மெஷினுக்குக் காவல் இருந்தார். பிழை அதில் இல்லை. இரண்டாவது வாரம் ஜன்னல்களைச் சந்தேகப்பட்டார். ஒரு குடை போதாமல் லயத்திலிருந்து ஆறு குடை இரவல் வாங்கி மெஷினைச் சுற்றிக் கட்டினார். மழைக்கால ஆஸ்பத்திரி வாசல் மாதிரி இருந்தது. பிழை அதிலும் இல்லை. பிறகு பனிமூட்டம். கோயில் தெரிந்த நாளிலும் மெஷின் பிழை விட்டது, கோயில் தெரியாத நாளிலும் நன்றாக ஓடியது. கைப்பேசிகளை வாசலில் வாங்கி வைத்தார். டீமேக்கர் ஐயாவின் கைப்பேசியையும் கேட்டார். அதற்குக் கிடைத்த பதிலை அச்சில் போட முடியாது.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை ராகலையில் அவருடைய மச்சான் முறையான ஒருவர் தவறிவிட்டார். போகாமல் இருக்க முடியாது. விடியற்காலை பஸ் பிடித்துப் போய், சனிக்கிழமை காலையில் திரும்பினார். பாக்கியம் அக்கா சிரித்த முகத்தோடு வாசலிலேயே சொன்னார்.

"அண்ணே, நேத்து மெஷின் சும்மா ஜோராப் போச்சுண்ணே! ஒரு பொட்டுத் தேயிலை வீணாகல!"

எல்லாருக்கும் சந்தோஷம். வயர்மேனுக்கு மட்டும் இல்லை. மெஷின் முன்னால் போய் நின்றார். கொப்பியைப் புரட்டினார். பிறகு என் மேசைக்கு வந்து, எதிரில் உட்கார்ந்தார். ஏழு வருஷத்தில் அவர் என் முன்னால் உட்கார்ந்தது அன்றுதான்.

"தம்பி, நேத்து கரண்டு இருந்திச்சு. பனி இருந்திச்சு. ஜன்னல் தொறந்திருந்திச்சு. பாக்கியமும் இருந்திச்சு. எல்லாம் மத்த வெள்ளிக்கெழமை மாதிரியே. இல்லாதது ஒண்ணே ஒண்ணுதான்."

"என்னண்ணே?"

"நான்."

எனக்கு உடனே விளங்கவில்லை. அவர் எழுந்து போய்ச் சாம்பிராணிச் சட்டியை எடுத்து வந்தார். மெஷினுக்குப் புகை காட்டினார். கொஞ்ச நேரத்தில் நல்ல தேயிலை கழிவுப் பக்கம் பறக்க ஆரம்பித்தது. மெஷினை நிறுத்தி, கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்தார். சரியாக ஓடியது. அண்மையில்தான் கதவைத் திறந்து உள்ளே காட்டத் தொடங்கியிருந்த சாம்பிராணிப் புகை கண்ணாடியில் மெல்லிய படலமாகப் படிந்து, கறுப்பான தேயிலையையும் வெளிறிக் காட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை படிந்ததை, வாரச் சுத்தத்தின்போது சனிக்கிழமை பின்னேரம் பாக்கியம் அக்காவே துடைத்துவிடுவார். திங்கட்கிழமை மெஷின் தெளிந்துவிடும். எனக்கு ஒரு தடவை பார்த்ததே போதும். அவர் மூன்று தடவை புகை போட்டு, மூன்று தடவை துடைத்துப் பார்த்த பிறகுதான் கொப்பியில் எழுதினார்.

நான் நடைமுறை தெரிந்தவன். குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"அண்ணே, இனிமே சாம்பிராணி போடாதீங்க. மெஷின் தானாச் சரியாயிரும். யாருக்கும் எதுவும் தெரியப்போறதில்ல."

"அப்ப ஃபைல்ல பாக்கியம் தூங்குனதாவே இருந்துருமே தம்பி."

"அவங்களைத்தான் மலைக்கு அனுப்ப மாட்டாங்களே."

"அனுப்ப மாட்டாங்க. ஆனா தூங்குனதாவே இருக்கும்." கொப்பியை மூடினார். "அந்த ஆணைக்குழுவுல, தப்பு தன்னோடதுன்னா தன்னோடதுன்னு எழுதுறாங்க தம்பி. நான் வாசிச்சிருக்கேன்."

திங்கட்கிழமை காலை ஸ்டோர் பெரட்டில், எல்லாரும் கூடி நின்று வேலை பிரித்துக் கொடுக்கும் நேரத்தில், வயர்மேன் ஓர் அடி முன்னால் வந்தார். தொரையும் நின்றிருந்தார். நடந்ததைச் சொன்னார். தொரைக்குத் தமிழ் பாதிதான் வரும்.

"நீ என்னா சொல்றது? மெஷின் கெடுத்தது நீதானா? நீயே வந்து சொல்றதா? பிஸ்ஸுத உனக்கு?"

சிங்களத்தில் பைத்தியமா என்று கேட்டால் ஆம் இல்லை என்று பதில் சொல்லத் தேவையில்லை. வயர்மேன் சட்டியைக் கொளுத்தினார். தொரை இருமி இருமிக் கண்ணீர் விட, நல்ல தேயிலை கழிவில் கொட்டியது. துடைத்தார், நின்றது. சட்டியைத் திரும்பவும் எடுத்தார். "போதும், போதும்!" என்று தொரை கத்தினார்.

தீர்ப்பு அங்கேயே சொல்லப்பட்டது. பாக்கியம் மெஷினிலேயே இருக்கலாம். வயர்மேன் ஒரு மாதம் மலையில் கான் வெட்ட வேண்டும். அதாவது மழைத் தண்ணீர் ஓடும் வாய்க்கால்களைத் தோண்டித் துப்பரவாக்க வேண்டும். ஸ்டோர்க்காரருக்கு அது பெரிய இறக்கம். அவர் தலையாட்டிவிட்டு, ஒரே ஒரு காரியம் கேட்டார். ஃபைலில் பாக்கியம் தூங்கியதாக இருக்கும் வரியை அடித்து, பக்கத்தில் தொரை கையெழுத்துப் போட வேண்டும். நான் சிவப்பு மையில் அடித்தேன். தொரை கையெழுத்துப் போட்டார். பாக்கியம் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து அவரைத் திட்டினார்.

"ஒங்களுக்கு வாய் சும்மா இருக்காதாண்ணே? என்னாலதானே இப்ப மலைக்குப் போறீங்க!"

"ஒன்னால இல்ல தங்கச்சி. சாம்பிராணியால."

அந்த மாத அறிக்கை என் மேசைக்கு வந்தது. தலைப்பு: 'வயர்மேனின் பக்தியால் மெஷினின் பார்வையில் ஏற்பட்ட பிழை.' வழக்கம்போலப் பத்துப் பக்கம். முதல் தடவையாக நான் ஒரு வரி விடாமல் வாசித்தேன். பொய்யில்லாத எழுத்து அப்படித்தான் இருக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன். தான் செய்தது, தான் சந்தேகப்பட்டது, தான் தவறவிட்டது என்று ஒவ்வொன்றும் இருந்தது. இரவல் குடை ஆறின் சொந்தக்காரர்களுக்கு நன்றியும் இருந்தது. மூன்று பின்னேரம் உட்கார்ந்து முழுவதையும் இங்கிலீஷில் எழுதினேன். லீவுக்காரரை நம்பாமல், ஆணைக்குழுவின் இணையப் பக்கத்தில் இருந்த அத்தனை விலாசங்களுக்கும் அனுப்பினேன்.

நாலாம் நாள் பதில் வந்தது. மழையில் நான் மலைக்கே ஏறி ஓடினேன். முழங்கால் சேற்றில் மம்பட்டியோடு நின்றிருந்தார்.

"அண்ணே! பதில் வந்திருக்கு!"

"லீவு முடிஞ்சு வந்துட்டாரா? ஒடம்பு நல்லாயிருச்சா?"

"இது அவரு இல்ல. அந்த ஆணைக்குழுவுலயே ஒரு பேராசிரியர் அம்மா. உங்களை மூணு கேள்வி கேட்டிருக்காங்க. புகை படிஞ்சு எத்தனை நிமிசத்துல பிழை தொடங்குச்சு, துடைச்ச துணி என்ன துணி, மூணு தடவையும் ஒரே அளவு சாம்பிராணியா?"

அவர் மம்பட்டியைக் கீழே வைத்தார். கான் ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்தார்.

"அப்ப படிச்சிருக்காங்க தம்பி."

அவ்வளவுதான் சொன்னார். மழையில் கண்ணீர் தெரியாது என்று சொல்வார்கள். எனக்குத் தெரிந்தது.

கேள்விகளுக்குப் பதில் போனது. அடுத்து அந்த அம்மாவிடமிருந்து ஓர் அழைப்பு வந்தது. ஆணைக்குழுவின் ஒரு கூட்டம் இணையத்தில் நடக்கிறது. கருவிகள் வேலைத்தளத்தில் பிழை விடுவது பற்றிய பேச்சு. வயர்மேனுக்கு ஐந்து நிமிஷம். அவர்களுக்குக் காலை நேரம், எங்களுக்குப் பின்னேரம்.

சிக்னல் தண்ணீர்த் தொட்டியடியில்தான் என்பதால் சர்வதேச அரங்கம் அங்கே கூடியது. கான் வெட்டி முடித்து நேராக வந்திருந்தார் வயர்மேன். காலில் அட்டை கடித்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. பாக்கியம் அக்கா அந்த முழங்காலோடு எப்படியோ ஏறி வந்துவிட்டார். மழை பிடித்துக்கொண்டது. பொலித்தீன் உறையிலிருந்து குடை வெளியே வந்தது. நான் அவர் தலைக்குத்தான் என்று நினைத்தேன். என் கையில் இருந்த கைப்பேசிக்கு மேலே விரித்துப் பிடித்துக்கொண்டு, தான் வெளியே நின்றார்.

திரையில் கட்டம் கட்டமாக முகங்கள். நரைத்த தலைகள், மூக்குக்கண்ணாடிகள், பின்னால் அலமாரி நிறையப் புத்தகங்கள். மனப்பாடம் செய்த நாலு வரி இங்கிலீஷை ஒப்பித்தார். நாலாவது வரி 'மிஸ்டேக் இஸ் மைன்'. பிறகு தமிழில் சொல்லச் சொல்ல நான் மொழிபெயர்த்தேன். ஒரு வெள்ளைத் தாடிக்காரர், இப்போது பூசையை நிறுத்திவிட்டீர்களா என்று கேட்டார்.

"நிப்பாட்டல சார். சாம்பிராணி மோட்டர் ரூமோட சரி. மெஷினுக்கு வெளிய ஒரு பூ வைப்போம். பாக்கியம்தான் இப்ப வைக்குது."

பேராசிரியர் அம்மா கடைசியாக ஒன்று கேட்டார். பிழைக்குக் காரணம் நீங்களேதான் என்று எப்படித் தோன்றியது?

"எல்லாரையும் சந்தேகப்பட்டு முடிச்சுட்டேன்மா. அன்னைக்கு இல்லாதவன் நான் ஒருத்தன்தான்."

மொழிபெயர்த்தேன். திரையில் ஒரு கட்டத்தில் இரண்டு கைகள் உயர்ந்தன, இன்னொரு கட்டத்தில், இன்னொன்றில். அத்தனை பேரும் கைதட்ட ஆரம்பித்தார்கள். அந்த நேரம் பார்த்துச் சிக்னல் போய்விட்டது. சத்தம் இல்லை. படம் அப்படியே உறைந்து நின்றது. கட்டத்துக்குக் கட்டம், கைகள் சேர்ந்தபடி.

வயர்மேன் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"தம்பி, இவங்க ஏன் கும்பிடுறாங்க?"

சிக்னல் போனதால் உறைந்த படம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் குடையைப் பாக்கியம் அக்காவிடம் கொடுத்தார். சேற்றுக் கைகள் இரண்டையும் மழையில் கழுவினார். உலகத்தின் அத்தனை விஞ்ஞானிகளையும் பார்த்துத் திருப்பிக் கும்பிட்டார்.

நான் அந்த வேலையை விட்டுக் கொழும்புக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. வயர்மேன் மறுபடி ஸ்டோரில்தான். இப்போது அவருக்குச் சொந்தமாக மின்னஞ்சல் விலாசம் இருக்கிறது, தமிழில் தட்டுகிறார். போன வருஷம் நான் லீவில் போனபோது, எல்லாரையும் போல அந்தத் தானாக வருகிற பதிலைப் போட்டுவைத்தேன். திரும்பி வந்து பார்த்தால் அவரிடமிருந்து இரண்டு கடிதம். முதலாவது பத்துப் பக்க அறிக்கை. இரண்டாவது இது: 'லீவிலும் இரண்டு நிமிசத்தில் பதில் போட்டீர்களே தம்பி. உங்கள் குணம் யாருக்கு வரும். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? கோயிலில் உங்கள் பேருக்கு அர்ச்சனை செய்திருக்கிறேன்.'

அன்றிலிருந்து அந்த வசதியை நான் தொடுவதில்லை. லீவோ வேலையோ, அவர் அறிக்கை வந்தால் பத்துப் பக்கத்தையும் படிக்கிறேன். பிறகு நானே பதில் எழுதுகிறேன், குறைந்தது மூன்று கேள்வி கேட்டு.